சிவப்பு லைட்டுல நின்னா செத்துப்போற பழைய பிக்கப்: ஐடல் கோளாற எங்க தேடுறது

ஓடும்போது ஒரு குறையும் இல்ல. நாலாவது கியர்ல போட்டு மலேசியாவுல ஈப்போ போற பழைய சடக்குல (ரோட்டுல) விட்டா அது பாட்டுக்கு போகும். ஆனா சுங்கை சிப்புட் டவுனுக்குள்ள வந்து சிவப்பு லைட்டுல நின்னு கால எடுத்தா போதும், ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு செத்துரும். பின்னால லோரிக்காரன் ஹோன் அடிப்பான், அப்பா வேர்த்து விறுவிறுத்து சாவிய திருப்புவாரு, பச்ச விழுந்து மறுபடி சிவப்பாயிரும். எங்க வீட்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஆறு மாசம் இப்படித்தான் மானத்த வாங்குச்சு. 80-கள் ஆரம்பத்து வண்டி, 12ஆர் பெட்ரோல் எஞ்சின், 1.6 லிட்டர், கார்புரேட்டர். அப்பா தோட்டத்துல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, இப்ப அதுல மாட்டுக்கு புல்லு, கோயில் திருவிழான்னா நாற்காலி கூடாரம், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு அலையுறாரு.

அந்த ஆறு மாசத்துல நான் கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். நான் போமன் (மெக்கானிக்) கிடையாது, ஆனா பழைய காடிய (கார) கட்டிக்கிட்டு அழுற தம்பிங்க நெறைய பேரு கேக்குறாங்க, எல்லாருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாளல. முதல்லயே சொல்லிடறேன், டீசல் வண்டியில கார்புரேட்டரே கிடையாது, அதுக்கு இது ஒதவாது. பெரடுவா மைவி மாதிரி, கார்புரேட்டர் இல்லாம பெட்ரோல நேரா பீச்சுற இன்ஜெக்ஷன் காடிக்கும் இல்ல. பழைய ஹைலக்ஸ், டட்சன், 1985-ல வந்த முதல் புரோட்டான் சாகா, 1994-ல வந்த பெரடுவா கான்சில், இந்த மாதிரி கார்புரேட்டர் போட்டதுக்கெல்லாம் அடிப்படை ஒண்ணுதான், பேருதான் அங்கங்க மாறும்.

ஐடல்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சிக்கணும். கால் பெடல்ல இல்லாதப்போ எஞ்சின் தானா நின்னு சுத்துற வேகம், அவ்வளவுதான். பழைய நாலு சிலிண்டருக்கு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 700-லேர்ந்து 800 சுத்து, ஒங்க வண்டிக்கு சரியான நம்பர் போனெட்டுக்கு அடியில ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ இருக்கும். கார்புரேட்டரோட வேல காத்தையும் பெட்ரோலயும் கலந்து குடுக்குறது. எடையில பாத்தா ஏறக்குறைய 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல், ஐடல்ல அதவிட கொஞ்சம் பெட்ரோல் கூட. காத்து அதிகமாயிட்டா லீன்னு சொல்வோம், பெட்ரோல் அதிகமாயிட்டா ரிச். இந்த ரெண்டு வார்த்தைய மட்டும் மனசுல வச்சுக்குங்க, மீதி எல்லாம் இதுலேர்ந்துதான் வரும்.

கார்புரேட்டர் வாயி நடுவுல கொஞ்சம் குறுகலா இருக்கும், வென்சூரின்னு பேரு. காத்து அந்த குறுகல்ல வேகமா போறப்போ அங்க அழுத்தம் கொறையும், அந்த இழுப்புல கார்புரேட்டரோட கிண்ணத்துல தேங்கி இருக்குற பெட்ரோல் மெயின் ஜெட்ங்கிற பொடி துவாரம் வழியா மேல ஏறி வந்து காத்தோட கலக்கும். சரி, இப்ப கால பெடல்லேர்ந்து எடுத்துட்டீங்க. அடியில இருக்குற த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட முழுசா மூடிக்கும். வென்சூரியில காத்து வேகமே இருக்காது, மெயின் ஜெட்டுலேர்ந்து ஒரு சொட்டு வராது. அப்ப எஞ்சின் எதக் குடிச்சு உயிரோட இருக்குது?

அதுக்குத்தான் தனியா ஒரு சின்ன வழி வச்சிருக்கான். மூடின தகட்டுக்கு கீழ, எஞ்சின் பக்கம், இழுப்பு ரொம்ப பலமா இருக்கும் (அததான் வேக்கம்னு சொல்றோம்), அந்த எடத்துல ஒரு பொடி ஓட்டை. கிண்ணத்துலேர்ந்து பெட்ரோல் ஸ்லோ ஜெட்னு ஒரு குட்டி பித்தளை துண்டு வழியா வந்து, நடுவுல கொஞ்சம் காத்த சேத்துக்கிட்டு, இந்த ஓட்டை வழியா சொட்டும். ஸ்லோ ஜெட்டோட துவாரம் அரை மில்லிமீட்டர் கிட்டத்தான், ஒரு செம்மண் துகள் போதும் அத அடைக்க. அதனாலதான் ஓட்டத்துல நல்லா இருந்து நின்னா மட்டும் சாகுற வண்டிக்கு பெட்ரோல் பம்ப்ப மாத்துறது வெட்டிச் செலவு. பம்ப் செத்திருந்தா மேடு ஏறும்போதே தெரிஞ்சிருக்கும். ஐடல்ல மட்டும் நோவுன்னா ஒண்ணு அந்த சின்ன வழியில கோளாறு, இல்ல எங்கேயோ கணக்குல இல்லாத காத்து உள்ள பூருது, ஓட்டத்துல காத்தும் பெட்ரோலும் வெள்ளமா போறதால அது மறைஞ்சிருது. மூணாவதா பெட்ரோல் வழிஞ்சு மூச்சு முட்டுறது, அது கொஞ்சம் அபூர்வம்.

இப்ப ஸ்குரு கதைக்கு வருவோம், எல்லாரும் தப்பு பண்ற எடம் இதுதான், எங்கப்பாவும் பண்ணாரு. கார்புரேட்டர்ல சாதாரணமா ரெண்டு ஸ்குரு இருக்கும். ஒண்ணு ஐடல் வேக ஸ்குரு, த்ராட்டில் தகட்ட லேசா தள்ளி தெறந்து வைக்கிறது. இன்னொண்ணு மிக்ஸர் ஸ்குரு, அந்த பொடி ஓட்டையில எவ்வளவு போகணும்னு அளக்குற ஊசி. நம்ம ஊருல மோட்டோ கடை பழக்கத்துல எல்லாரும் ஆங்கின் (காத்து) ஸ்குருன்னே சொல்வாங்க, ஆனா இந்த மாதிரி காடி கார்புரேட்டர்ல அது வெறும் காத்த அளக்குறது இல்ல, பெட்ரோலும் காத்தும் கலந்த நுரைய அளக்குது, அதனால வெளிய திருப்புனா ரிச் ஆகும், உள்ள திருப்புனா லீன். மோட்டோல பல கார்புரேட்டர்ல இது நேர் எதிரா இருக்கும், குழம்பிறாதீங்க.

வண்டி சாகுதுன்னு அப்பா வேக ஸ்குருவ கொஞ்சம் ஏத்தி வச்சாரு. நின்னுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி செத்துச்சு, மறுபடி ஏத்துனாரு. கடைசியில நியூட்ரல்ல நின்னாலே கிணத்து மோட்டார் மாதிரி ஒரே எரைச்சல். அவருக்கு அது ரிப்பேர் ஆன மாதிரி தோணுச்சு, ஆனா உள்ள நடந்தது வேற. தகட்டோட ஓரத்துக்கு கொஞ்சம் மேல இன்னும் சில பொடி ஓட்டைங்க இருக்கு, நாம லேசா பெடல மிதிக்கிறப்போ ஐடல்லேர்ந்து மெயின் ஜெட்டுக்கு மாறுற எடைவெளிய நெரப்புறதுக்கு வச்சது. வேக ஸ்குருவ ரொம்ப ஏத்துனா தகடு தெறந்து அந்த ஓட்டைங்க வழியா எஞ்சின் குடிக்க ஆரம்பிச்சிரும். நோவு அப்படியே இருக்கும், அதுக்கு மேல துணி போட்டு மூடுன கத. மிக்ஸர் ஸ்குருவ எப்படி திருப்புனாலும் எஞ்சின் கண்டுக்காது, ஏன்னா அது அந்த வாசல்லயே குடிக்கல. அதோட பெட்ரோல் செலவு, கிளட்ச்ச விட்ட ஒடனே வண்டி பாயுறது, இதெல்லாம் இலவசம்.

எங்க டாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால ஒரு வயசான சீன போமன் அங்கிள் இருக்காரு, கடைய மூடிட்டாரு, இப்ப வீட்டு முன்னால ஒக்காந்து பேப்பர் படிக்கிறதுதான் வேல. போனெட்ட தெறந்து நான் ஸ்குருட்ரைவர எடுத்ததுமே "ஜாங்ஙான் பூசிங் டூலு"ன்னாரு, இப்பவே திருப்பாதேன்னு. மொதல்ல பிளக்குல ஒழுங்கா நெருப்புப் பொறி வருதான்னு பாருன்னாரு. ஏன்னா கார்புரேட்டர் நோவு மாதிரி நடிக்கிறதுல பாதி பிளக் பக்கத்து நோவுதான். பிளக்க கழட்டி நெறம் பாருங்க, எடைவெளி பாருங்க (பழைய எஞ்சினுக்கு 0.8 மில்லிமீட்டர் மாதிரி). பிளக்குங்களுக்கு கரண்டு பிரிச்சு குடுக்குற டிஸ்ட்ரிப்யூட்டர்ல பாயின்ட் (தெறந்து மூடுற கான்டாக்ட்) இருந்தா அது கருகியிருக்கான்னு பாருங்க, எடைவெளி 0.45 மில்லிமீட்டர் சுத்தி இருக்கணும். எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்ங்கள ஒண்ணொண்ணா ரப்பர் பிடி போட்ட பிளையரால எடுத்து பாத்தா எந்த சிலிண்டர் வேல செய்யலன்னு தெரிஞ்சிரும், நல்ல சிலிண்டரோட வயர எடுத்தா எஞ்சின் தொங்கும், செத்த சிலிண்டர்னா ஒரு மாத்தமும் இருக்காது. ஒரே சிலிண்டர் மட்டும் படுத்துருந்தா கார்புரேட்டர நோண்டி பிரயோஜனம் கொறவு, பிளக்கு, வயரு, வால்வு, இல்ல அந்த சிலிண்டர் பக்கத்து மெனிபோல்ட் (கார்புரேட்டர்லேர்ந்து சிலிண்டருக்கு போற குழாய்) கேஸ்கெட்ட பாருங்க. எங்க வண்டியில பாயின்ட் கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு, மாத்துனோம், குலுக்கல் கொறஞ்சுச்சு, ஆனா சாகுறது நிக்கல.

அப்புறம் அங்கிள் காட்டுன வித்தைதான் எனக்கு எல்லாத்தவிடவும் புடிச்சது, ஒரு டூலும் வேணாம். எஞ்சின நல்லா சூடாக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியர நியூட்ரல்ல வச்சு, ஏர் ஃபில்டர் டப்பாவ கழட்டிருங்க. எஞ்சின் தடுமாறி சுத்திக்கிட்டு இருக்கும். உள்ளங்கைய கார்புரேட்டர் வாயிக்கு மேல கொண்டு போயி மெதுவா, முழுசா இல்ல, பாதி மூடுங்க. காத்து வழி கொறஞ்சதும் உள்ள இழுப்பு கூடி பெட்ரோல் அதிகமா வரும். அப்ப காத நல்லா தீட்டி வச்சுக்குங்க. தடுமாறுன எஞ்சின் நிமிந்து, சுத்து ஏறி, சீரா பாடுச்சுன்னா அதுக்கு பெட்ரோல் பத்தல, அதாவது லீன். நேர்மாறா இன்னும் மோசமாகி கருப்பா பொகைய கக்கி சாவப் போனா ஏற்கனவே பெட்ரோல் வழியுது, ரிச். தேடுற எடம் பாதியா கொறஞ்சு போச்சு பாத்தீங்களா. எங்க வண்டியில நான் கைய வச்சதும் எஞ்சின் தாகத்துல தண்ணி கெடச்ச மாடு மாதிரி நிமிந்துச்சு. கையில பெட்ரோல் ஈரம் பட்டுச்சு, வாட சாயந்தரம் வரைக்கும் போகல. ஒரு எச்சரிக்க: துண்டு, தொள தொள சட்டை கை, கழுத்து செயின் எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. சிகரெட் புடிக்கிற சித்தப்பாவ வாசலுக்கு அனுப்பிருங்க.

லீன்னு தெரிஞ்சா அடுத்த கேள்வி, காத்து திருட்டுத்தனமா வருதா இல்ல பெட்ரோல் வழி அடைச்சிருக்கா? மொதல்ல திருட்டுக் காத்த பாருங்க, அது சுலபம். கார்புரேட்டருக்கும் மெனிபோல்டுக்கும் நடுவுல ஒரு தடிச்ச கருப்பு இன்சுலேட்டர் இருக்கும், அதோட நட்டுங்க வருஷக்கணக்கா அதிர்ந்து தளந்துரும். ஸ்பானர போட்டு குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, மாடு மாதிரி இறுக்குனா அடிப்பக்கம் வளைஞ்சு புது ஓட்டை உண்டாயிரும். அப்புறம் ரப்பர் குழாய்ங்க. நம்ம ஊரு வெயிலும் எஞ்சின் சூடும் சேந்து வேக்கம் ஹோஸ காயவச்ச முருங்கக்கா மாதிரி ஆக்கிருது, வளைச்சு பாத்தா கீறல் தெரியும். பிரேக் மிதிக்க ஒதவுற பூஸ்டருக்கு போற தடிச்ச ஹோஸ மறக்காதீங்க, அத துணி சுத்துன பிளையரால நெருக்கி புடிச்சு பாத்து ஐடல் சரியானா கோளாறு பூஸ்டர் பக்கம், அது பிரேக் சமாச்சாரமும்தான், தள்ளிப் போடாதீங்க. வால்வு கவர்லேர்ந்து வர்ற பிசிவி வால்வ (எஞ்சின் உள்பொகைய திரும்ப மெனிபோல்டுக்கு விடுறது) கழட்டி ஆட்டுனா டக் டக்னு சத்தம் வரணும், வரலன்னா சிக்கியிருக்கு.

கண்ணுல படாத ஓட்டைக்கு பலபேரு கார்ப் கிளீனர பீச்சி பாப்பாங்க, ஓட்டை இருக்குற எடத்துல பட்டா சுத்து சட்டுனு மாறும். வேல செய்யும், ஆனா அது நெருப்பு பிடிக்கிற சாமான், பக்கத்துலயே எக்ஸாஸ்ட் கொதிக்கும், பிளக் வயர் பழசுன்னா பொறி கூட பறக்கும். நான் ஸ்ப்ரே போத்தல்ல சவுக்கார தண்ணி வச்சு அடிப்பேன், டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் மட்டும் படாம. ஓட்டை இருந்தா தண்ணிய உறிஞ்சும், அந்த நொடி சத்தம் மாறும். வேக்கம் கேஜ் இருக்குறவங்களுக்கு இன்னும் நல்லது, நல்ல எஞ்சின் ஐடல்ல 17-லேர்ந்து 21 இன்ச் (பாதரச அளவு) காட்டி ஊசி ஆடாம நிக்கும். தாழ்வா நின்னு ஆடாம இருந்தா காத்து ஓட்டை, அது இல்லன்னா பிளக் பொறி விடுற டைமிங் பின்னால போயிருக்கு, சீரா துடிச்சு துடிச்சு விழுந்தா ஒரு வால்வு சரியா மூடல.

எங்களுக்கு ஓட்டை எதுவும் கெடைக்கல. அப்ப மிச்சம் அந்த சின்ன வழிதான். அங்கிள் சாவிய ஆன்ல வைக்கச் சொன்னாரு, ஸ்டார்ட் பண்ணாம. கார்புரேட்டர் பக்கவாட்டுல ஒத்த வயரோட ஒரு குட்டி உருளை நிக்கும், ஃபியூல் கட் சோலனாய்டு. சாவி ஆன் ஆனா அதுக்கு 12 வோல்ட் வந்து உள்ள இருக்குற ஊசிய இழுத்து ஐடல் வழிய தெறக்கும், சாவிய ஆஃப் பண்ணா மூடும், எஞ்சின் அணைஞ்சும் கடகடன்னு ஓடாம இருக்கறதுக்கு. வயர கழட்டி கழட்டி மாட்டுனா டிக் டிக்னு கேக்கணும். கேக்கலன்னா வயர்ல கரண்டு இல்ல, இல்ல சோலனாய்டு போயிருச்சு. எத்தனையோ வண்டிக்கு கோளாறு வெறும் கழண்டு தொங்குற இந்த வயர்தான். எங்களுது டிக்னு சொல்லுச்சு, மனசு ஒடஞ்சு போச்சு.

இதுக்கு முன்னாடி டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டியிருந்தோம், கார்புரேட்டரயே மாத்தணும்னு சொல்லி வெலய சொன்னாங்க, அப்பா அன்னிக்கு ராத்திரி சரியா சாப்பிடக்கூட இல்ல. கடைசியில கோளாறு ஸ்லோ ஜெட்டுதான். மூடிய கழட்டி, கிண்ணத்துல பெட்ரோல கவுத்தா அடியில பொடி பொடியா செம்மண்ணு, நடுவுல ஒரு தண்ணி முத்து உருண்டுக்கிட்டு கெடந்துச்சு. ஜெட்ட வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாத்தேன், சுத்தமான ஜெட்டுல ஊசி முனை மாதிரி வட்டமா வெளிச்சம் தெரியணும், இதுல பிறை மாதிரி ஒரு கீத்து. அப்பா வாசல்ல இருந்த வெளக்கமாத்துலேர்ந்து ஒரு ஈர்க்க உருவிக்கிட்டு வந்துட்டாரு, அங்கிள் கத்துன கத்துல திரும்ப போயிட்டாரு. ஈர்க்கு உள்ள ஒடஞ்சு மாட்டிக்கும், கம்பி விட்டா பித்தளை கீறி துவாரம் பெருசாயிரும், அப்புறம் அந்த ஜெட் எந்த அளவுக்கும் லாயக்கில்ல. கிளீனர பீச்சி ஊற விட்டு, டயர் கடை கம்ப்ரஸர் காத்த ஊதுனா போதும், ஜெட்ட மட்டும் இல்லாம அது மாட்டுற வழியயும் மிக்ஸர் ஊசி வர்ற வழியயும் சேத்து ஊதணும், கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு. மிக்ஸர் ஊசிய கழட்டறதுக்கு முன்னாடி உள்ள எத்தன சுத்து போகுதுன்னு எண்ணி எழுதி வச்சுக்குங்க. கிண்ணத்துல மண்ணு வந்ததுன்னா ஃபில்டர் போயிருச்சுன்னு அர்த்தம், அதயும் அன்னிக்கே மாத்துங்க. தண்ணி வந்ததுக்கு காரணம் எங்க பழக்கம், கால் டாங்கியோட வண்டிய வாரக்கணக்கா மழையில போட்டு வச்சது.

ரிச் பக்கம் சுருக்கமா சொல்றேன், எங்களுக்கு அந்த அனுபவம் கொறவு. டொயோட்டா, டட்சன் கார்புரேட்டர்ங்கள்ல பலதுல கிண்ணத்து பக்கத்துல ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும், பெட்ரோல் மட்டம் அதுல இருக்குற கோட்டுக்கோ புள்ளிக்கோ நேரா நிக்கணும். மேல ஏறி இருந்தா ஃப்லோட்டுல (கிண்ணத்துல மெதக்குற மிதவை) ஓட்டை விழுந்து முங்குது, இல்ல ஊசி வால்வு தேஞ்சு சரியா மூடல. ஜன்னல்ல மட்டம் சரியா இருந்தும் ரிச்சுன்னா சோக்க (குளிர்ல ஸ்டார்ட் ஆக காத்த கொறைக்கிற தகடு) பாருங்க, சூடானதும் சோக் தகடு நேரா நிமிந்து நிக்கணும், நம்ம ஊரு சூட்டுல சோக் தேவையே கொறவு, அது பாட்டுக்கு பாதி மூடி சிக்கிக்கிட்டு நிக்கும். ஏர் ஃபில்டர தட்டிப் பாத்து ஒரு கைப்பிடி செம்மண்ணு கொட்டுச்சுன்னா அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு, இது கோளாறே இல்ல, ஆனா நெறைய பேரு பயப்படுறாங்க. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல ஓட்டிட்டு வந்து நிறுத்தி, கடையில ஒரு தே குடிச்சிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணா வராது, வந்தாலும் ஒரு நிமிஷம் தடுமாறும், அப்புறம் சரியாயிரும். அது எஞ்சின் சூட்டுல கிண்ணத்து பெட்ரோல் கொதிச்சு மெனிபோல்டுக்குள்ள வழியுறது. பெடல முழுசா அமுக்கி புடிச்சுக்கிட்டு, பம்ப் அடிக்காம சாவிய திருப்புங்க. தினமும் நடந்தா அந்த இன்சுலேட்டர் சரியா இருக்கான்னு பாருங்க.

எல்லாத்தையும் மாட்டுன பிறகுதான் ஸ்குரு பக்கம் போகணும். மிக்ஸர் ஊசிய உள்ள மெதுவா, ரெண்டு வெரல்ல, முட்டுற வரைக்கும் மட்டும் திருப்பி (இறுக்குனா முனையில பள்ளம் விழுந்துரும்), அங்கேர்ந்து ரெண்டு சுத்து வெளிய எடுங்க, இல்ல நீங்க எழுதி வச்ச கணக்குக்கு. எஞ்சின சூடாக்கி வேக ஸ்குருவ ஐடல் நம்பருக்கு எறக்குங்க. மிக்ஸர கால் கால் சுத்தா திருப்பி சுத்து எங்க உச்சமோ அங்க நிறுத்துங்க, வேகம் ஏறியிருக்கும், வேக ஸ்குருவால எறக்குங்க, திரும்ப மிக்ஸர். ரெண்டு மூணு தடவ இப்படி போனா ரெண்டும் ஒத்துப்போயிரும். மிக்ஸர முழுசா உள்ள திருப்புனா எஞ்சின் சாவணும், அப்பதான் ஐடல் வழி நெஜமா வேல செய்யுதுன்னு அர்த்தம். எங்க வண்டி அன்னிக்கு மொதல் தடவையா சாக வேண்டிய நேரத்துல செத்துச்சு, நாங்க ரெண்டு பேரும் கைதட்டுனோம், அம்மா ஜன்னல்லேர்ந்து ஒரு மாதிரியா பாத்தாங்க.

இப்ப 750-ல நிக்குது, ஆனா ஏர்கோன் போட்டா இன்னும் கொஞ்சம் தடுமாறுது. காரணம் தெரியும். த்ராட்டில் தண்ட புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுனா லொடலொடன்னு ஆடுது, தண்டு போற துவாரம் 40 வருஷத்துல தேஞ்சு அது வழியா காத்து பூருது, எந்த ஸ்குருவாலயும் அத அடைக்க முடியாது. கடைசல் பட்டறையில குடுத்து புஷ் (உள்வளையம்) போட்டாதான் தீரும், வண்டி ரெண்டு மூணு நாள் படுத்துரும். தீபாவளிக்கு மொதல்ல கூடாரம் தூக்குற வேல இருக்கு, அது முடிஞ்சு பாப்போம்னு அப்பா சொல்றாரு. அதுவரைக்கும் டவுன் லைட்டுல நிக்கும்போது மட்டும் ஏர்கோன ஆஃப் பண்ணிக்கிறாரு.